மீட்க ஓடுபவரை யார் காப்பது?

வீதியில் விபத்து நடந்தால் 1990 அம்புலன்ஸ் வருமுன் ஓடி வருபவர்கள் அயலில் உள்ள உழைப்பாளர்களே. அவர்களின் உயிருக்கு என்ன பாதுகாப்பு என்று கேட்கிறோம்.

2025 மே 11 அதிகாலை கொத்மலை கெரண்டிஎல்லயில் பஸ் பள்ளத்தில் பாய்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் பலியாகினர். 2024 நவம்பர் 26 அன்று காரைதீவு – மாவடிப்பள்ளி வீதியில் மத்ரஸா மாணவர்களை ஏற்றிய உழவு இயந்திரத்தை வெள்ளம் அடித்துச் சென்றது. சவளக்கடை மக்கள் கடக்கும் கிட்டங்கிப் பாதையும் மாரியில் நீரில் மூழ்குகிறது. மலையகத்தில் பள்ளம், கரையோரத்தில் வெள்ளம், ஆபத்து ஒன்றுதான்.

முதலில் வளைவுக்கு அப்பால் இருபுறமும் ஆள் நிறுத்தி வாகனங்களை மறிக்க வேண்டும். இரவில் ஒளிரும் மேலங்கி வேண்டும். அறுந்த மின்கம்பியை நெருங்கக் கூடாது. கயிறும் உயிர்காப்பு அங்கியும் இன்றி ஓடும் நீரில் இறங்கக் கூடாது. துணிவு மட்டும் போதாது. மீட்கப் போனவரும் விழுந்தால் தூக்க வேண்டியவர் இருவர்.

கொழுந்து நிறுக்கத் தராசு வைத்திருக்கும் தோட்டத்தில் ஒரு கயிறும் நான்கு மேலங்கியும் வைக்க முடியாதா? இவற்றைத் தோட்ட நிர்வாகங்களும் பிரதேச சபைகளும் உடனே வழங்க வேண்டும். ஆண்டுதோறும் சம்பளத்துடன் ஒருநாள் பயிற்சி வேண்டும். உதவப்போய்க் காயமடைபவருக்கு நட்டஈடு வேண்டும்.

தோழர்களே, அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் இதை முதல் கோரிக்கையாக வைப்போம்.