வீட்டுத்தோட்டம்: பகலைப் பார்த்து விதைக்காதீர்கள்



சித்திரை வருடப்பிறப்பு முடிந்த கையோடு, பலெர்மோவுக்குப் புதிதாகக் குடிவந்த குடும்பங்களிடமிருந்து தவறாமல் ஒரு கேள்வி வரும். "நல்ல வெயில் எறிக்குது, மிளகாய் விதை போடலாமோ?" இம்முறை அதற்கே பதில் எழுதுகிறேன். எனது சொந்த நட்டத்திலிருந்து தொடங்குவதுதான் நேர்மை.

2019 ஆம் ஆண்டு ஏப்ரலில் இரண்டு மூன்று நாட்கள் தெற்கிலிருந்து சுடுகாற்று வீசியது. ஆபிரிக்கப் பாலைவனத்திலிருந்து கடல் தாண்டி வரும் இந்தக் காற்றை இங்கு சிறொக்கோ என்பார்கள். பல்கணிக் கதவைத் திறந்தால் ஊரில் பங்குனி வெயிலில் நிற்பது போல இருந்தது. மாமி ஊரிலிருந்து கொடுத்துவிட்ட வெண்டி, பாகல், மிளகாய் விதைகள் எல்லாவற்றையும் ஒரே நாளில் சாடிகளில் போட்டுவிட்டேன். காற்றுத் திசை மாறியது. அந்த வருடம் மே மாதம் இத்தாலி முழுவதுமே வழக்கத்தைவிடக் குளிராகவும் மழையாகவும் இருந்தது. இரண்டு கிழமை கழிந்தும் ஒன்றும் முளைக்கவில்லை. "இஞ்சருங்கோ, ஊரிலையெண்டால் இதுக்குள்ளை நாலு இலை விட்டிருக்கும்" என்றார் மனைவி. மண்ணைக் கிளறிப் பார்த்தேன். வெண்டி விதைகள் ஊதி, அழுகி, விரலில் பிசுபிசுத்தன.

தவறு விதையில் இல்லை. ஊரில் எங்களுக்குச் சூடு ஒரு பிரச்சினையே அல்ல. வருடம் முழுவதும் மண் சூடாகவே இருக்கும். தண்ணீர்தான் கவலை. ஆகவே மழையையும் கிணற்றையும் பார்த்து விதைத்தோம். இங்கு எல்லாம் தலைகீழ். மழை குளிர்காலத்தில் பெய்கிறது, கோடை வரண்டு கிடக்கிறது. விதைக்கும் நாளைத் தீர்மானிப்பது மழையல்ல, இரவுக் குளிர்.

பகலில் 25 பாகை வெயில் எறித்தாலும் இரவில் 10 பாகைக்கு இறங்கினால் சாடி மண் குளிர்ந்தே இருக்கும். தக்காளி 12 பாகை மண்ணிலும் மெதுவாக முளைக்கும். மிளகாய்க்கும் கத்தரிக்கும் 20 பாகைக்கு மேல் வேண்டும். வெண்டி, பாகல், பயற்றைக்கு 25 பாகையளவு இருந்தால்தான் மனம் வரும். குளிர்ந்த ஈரமண்ணில் விதை உறங்குவதில்லை, பூஞ்சணம் பிடித்து அழுகிவிடும். முளைத்துத் தப்பிய கன்றும் வளராது நின்றுவிடும். தக்காளி இலையின் அடிப்பக்கம் ஊதாநிறமானால் பயப்படவேண்டாம். குளிரில் வேரால் மணிச்சத்தை எடுக்க முடியாததன் அடையாளம் அது. பசளையை அள்ளிப் போடாமல் சூடு வரும்வரை பொறுங்கள்.

அப்படியானால் எப்போது நடுவது? இரவில் 15 பாகைக்குக் குறையாமல் ஒரு கிழமை தொடர்ந்து இருக்கவேண்டும். கரையோரப் பலெர்மோவில் வழக்கமான வருடங்களில் இது மே முற்பகுதியில் வரும். குளிர் பிந்திய வருடத்தில் மே கடைசிவரை இழுக்கும். சாந்தா ரொசாலியா கோயிலுக்கு மலையேறியவர்களுக்குத் தெரியும், கீழே வியர்க்கும்போதும் மேலே குளிர்காற்று அடிக்கும். ஆகவே மொன்றியாலே போன்ற மேட்டு இடங்களில் இருப்பவர்கள் இன்னும் சில நாட்கள் பொறுக்கவேண்டும். கருவி எதுவும் தேவையில்லை. காலையில் விரலை மண்ணில் ஊன்றிப் பாருங்கள். குளிர்ந்தால் அன்று விதைக்கும் நாளல்ல.

அயலவர்களையும் கவனியுங்கள். இங்கு பல்கணிகளில் சாடியில் நிற்கும் பொமேலியா வேறொன்றுமல்ல, எங்கள் கோயில் வாசல்களில் நிற்கும் ஈழத்தலரிதான். குளிர்காலத்தில் அதன் கிளை நுனிகளில் முட்டைக்கோதைக் கவிழ்த்து வைப்பது பலெர்மோக்காரர் வழக்கம். நுனிக் குருத்தைக் குளிர் கருக்காமல் காப்பதற்காக. அயல்வீட்டு அம்மா அந்தக் கோதுகளைக் கழற்றாமல் இருந்தால், நீங்களும் வெண்டி விதையைக் கையில் வைத்துக்கொண்டிருங்கள். பல்லரோ சந்தையில் கோடையில் கட்டுக்கட்டாக விற்கும் தெனெறூமி எங்கள் சுரைக்கொடியின் கொழுந்துதான். முதிய தோட்டக்காரர்கள் சுரை நடும் நாளே எங்கள் பாகலுக்கும் பயற்றைக்கும் உரிய நாள்.

காத்திருக்கும் நாட்களைச் சும்மா விடவேண்டாம். யோகட் கோப்பையின் அடியில் துளையிட்டு மிளகாய், கத்தரி, தக்காளி விதைகளை வீட்டுக்குள் முளைக்க வையுங்கள். முளைத்ததும் வெளிச்சமான யன்னலோரத்துக்கு மாற்றுங்கள். வெளியே நடமுன் ஒரு கிழமைக்குப் பகலில் மட்டும் பல்கணியில் வைத்துப் பழக்குங்கள். சாடிகளைக் குளிர்ந்த மாபிள் தரையில் வைக்காமல் ஒரு பலகையின் மேல் வையுங்கள். தண்ணீரைக் காலையில் விடுங்கள், மாலையில் வேண்டாம். வெறும் சாடிகளில் கொத்தமல்லி, வெந்தயம், முள்ளங்கி போடலாம். இவற்றுக்குக் குளிர் பிடிக்கும். வெயில் ஏறினால்தான் கொத்தமல்லி பூத்துக் கெட்டுவிடும்.

முக்கியமானது, கைவசமுள்ள விதை முழுவதையும் ஒரே நாளில் போடாதீர்கள். மூன்றாகப் பிரித்து, பத்து நாட்களுக்கு ஒரு பங்காகப் போடுங்கள். இப்போது அது முன்னைவிட அவசியம். 2019 டிசெம்பர் 14 முதல், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து விதையோ கன்றோ பயணப்பொதியில் கொண்டுவருவதற்கும் தாவர சுகாதாரச் சான்றிதழ் வேண்டும். கறிவேப்பிலையில் இன்னும் கவனம் தேவை. அது தோடை, தேசி குடும்பத்தைச் சேர்ந்தது. அதில் ஒட்டிவரும் ஒரு சிறு பூச்சி தோடை மரங்களையே சாகடிக்கும் நோயைப் பரப்பக்கூடும். தோடந்தோட்டங்களால் பெயர்பெற்ற இந்த மண்ணுக்கு நாங்கள் அந்தக் கேட்டைக் கொண்டுவரக்கூடாது.

எனவே முதல் வருடமே நல்ல செடியொன்றில் ஒரு வெண்டிக்காய், ஒரு பாகற்காய், இரண்டு மிளகாய்களைப் பறிக்காமல் முற்ற விடுங்கள். விதையை நிழலில் உலர்த்தி, கடதாசியில் சுற்றி, வருடத்தையும் எழுதி வையுங்கள்.

அந்த 2019 இல் நான் போட்டவற்றில், சுவரோரம் நின்ற சாடியில் மட்டும் ஒரு மிளகாய்க் கன்று பிந்தி முளைத்தது. ஓகஸ்டில் காய்த்தது. முதல் பழத்தைக் கறிக்குப் போட மனைவி விடவில்லை. எங்கள் பல்கணியில் இன்றும் காய்ப்பது அதன் வழிதான்.

அடுத்த இதழில் கோடைக்காலத் தண்ணீர் சிக்கனம் பற்றிப் பார்ப்போம்.