ரிஸ்க் உங்களோடது, தள்ளுபடி எங்கே?

போன வீடியோவில் எனக்குப் பின்னாடி அலமாரியில் நின்ற சிலையைப் பார்த்துவிட்டு, "அண்ணே, அதுக்கு ஏன் ஒரு கண்ணு மட்டும் காதைப் பாக்குது?" என்று கேட்டிருந்தீங்க. சிரிச்சுக்கிட்டேதான் கேட்டிருப்பீங்க. எனக்குச் சிரிப்பு வரல. அந்தச் சிலைக்கு நான் கொடுத்தது 42,000 ரூபாய்.

கதையைச் சொல்லிடுறேன். 2022, சம்பளம் கொஞ்சம் ஏறின சமயம். சின்ன வயசிலிருந்து பிடித்த சூப்பர்ஹீரோ, நாலில் ஒரு பங்கு அளவு, பாலிஸ்டோன் சிலை, குறிப்பிட்ட எண்ணிக்கைதான் செய்வோம் என்று ப்ரீ-ஆர்டர் திறந்தார்கள். (பாலிஸ்டோன் என்றால் ஏதோ கல் என்று நினைக்காதீங்க. ரெசினில் கல் பொடி கலந்து அச்சில் ஊற்றுவது.) டெபாசிட் 10,000, அது திரும்ப வராது. மீதியை ஆறு மாசத்துக்குள் மூன்று தவணையாகக் கட்டி முடித்தேன். சரக்கு கைக்கு வர 17 மாசம் ஆச்சு.

பெட்டியைப் பிரித்தால், ஒரு கருவிழி வெளிப்பக்கமாக ஒதுங்கியிருக்கு. வலது கை மணிக்கட்டுத் துளையில் முழுசா உட்காரல, நடுவில் இடைவெளி. மேலங்கி ஓரத்தில் பெயிண்ட் வழிந்து காய்ந்திருக்கு. போட்டோ எடுத்து அனுப்பினேன். மூன்று நாள் கழிச்சுப் பதில் வந்தது: கையால் பெயிண்ட் செய்யும் பொருள், பீஸுக்குப் பீஸ் சின்ன வித்தியாசம் இருக்கும். தயாரிப்பாளருக்கு எழுதினால் வாங்கின கடையில் பேசச் சொன்னார்கள். கடையில் கேட்டால், "அவங்க மாத்துப் பார்ட் அனுப்பினா தர்றோம் சார்." கடைசியில் அடுத்த ஆர்டரில் கழிச்சுக்கச் சொல்லி 2,500 ரூபாய் கூப்பன். அதாவது நான் மறுபடியும் அவங்ககிட்டயே ப்ரீ-ஆர்டர் போடணும்! கடைப் பேரைச் சொல்லப் போறதில்ல. இதே கதையை வேற வேற பேர் வச்சு உங்கள்ல பல பேர் எனக்கு அனுப்பியாச்சு.

கம்பெனியைத் திட்டறது ஈசி. ஆனா இது பைனான்ஸ் பக்கம், நான் பேச வர்றது விலையைப் பத்தி.

நான் தூத்துக்குடிக்காரன். உள்ளே என்ன இருக்குன்னு தெரியாமலே காசு கட்டுற வியாபாரம் எங்க கரையில் நூற்றாண்டுக் கணக்கா நடந்திருக்கு. முத்துக்குளிப்புதான். கடலடியில் சிப்பி விளையும் பாறைத் தளத்தைப் 'பார்' என்பார்கள். பாரிலிருந்து மூழ்கி எடுத்து வந்த சிப்பியில், ஆங்கிலேயர் காலத்தில், மூன்றில் ஒரு பங்கு எடுத்தவர்களுக்கு, இரண்டு பங்கு அரசாங்கத்துக்கு. அரசாங்கப் பங்கை ஆயிரம் சிப்பி இவ்வளவு ரூபாய் என்று ஏலம் விடுவார்கள். எல்லாம் வாய் மூடின சிப்பி. திறந்து பார்த்து வாங்க முடியாது. ஏலம் எடுத்தவர் அதை அழுக விட்டு, கழுவி, அரித்துப் பார்த்தால்தான் தெரியும்: நல்ல முத்தா, தூள் முத்தா, ஒண்ணுமே இல்லையா என்று. 1961-ல் முடிந்த சீசன்தான் கடைசி. அதுக்கப்புறம் இங்கே முத்துக்குளிப்பு நடக்கல.

ஸ்டாச்சு ப்ரீ-ஆர்டரும் மூடின சிப்பிதானே? எனக்கும் முதலில் அப்படித்தான் தோணிச்சு. யோசிச்சுப் பார்த்தா, அந்த ஏலம் நம்ம ப்ரீ-ஆர்டரைவிட எவ்வளவோ நேர்மையானது.

எப்படின்னா, குளிப்பு நடத்தலாமா வேண்டாமா என்று முடிவு பண்ணுவதற்கு முன்னாடியே பாரிலிருந்து சாம்பிள் சிப்பி எடுப்பார்கள். பத்து இருபது இல்லை, ஆயிரக்கணக்கில். அதைக் கழுவி, கிடைத்த முத்துகளைச் சல்லடையில் அளவு வாரியாகப் பிரித்து, முத்து மதிப்பு தெரிந்தவர்களை வைத்து ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு தேறும் என்று கணக்குப் போடுவார்கள். கணக்கு உதைத்தால் அந்த வருஷம் குளிப்பே கிடையாது. நீங்க எந்தப் பாரிலிருந்து வாங்கப் போறீங்களோ அதே பார்லேர்ந்து எடுத்த சாம்பிள் அது.

நமக்குக் காட்டுற போட்டோ எந்தப் பார்? அது ப்ரோட்டோடைப். கைதேர்ந்த ஒரு பெயிண்டர் நாள்கணக்கில் உட்கார்ந்து ஒரே ஒரு பீஸுக்குச் செய்த வேலை. நம்ம வீட்டுக்கு வர்றது தொழிற்சாலையில் வரிசையாக ஊற்றி வரிசையாக பெயிண்ட் அடித்தது. சிலிகான் அச்சு ஊற்ற ஊற்றத் தேயும், விளிம்பு மழுங்கும். ரெசின் இறுகும்போது லேசாகச் சுருங்கும். கையும் உடம்பும் தனித்தனி அச்சு, ஆளுக்கொரு அளவு சுருங்கினால் கை எப்படித் துளையில் உட்காரும்? போட்டோவுக்குக் கீழே பொடி எழுத்தில் 'இறுதிப் பொருள் மாறுபடலாம்' என்று ஒரு வரி இருக்கும். அதைப் படிச்சுட்டுத்தான் நானும் காசு கட்டினேன்!

அடுத்தது விலை. முத்து ஏலம் தினமும் நடக்கும். நேத்து எடுத்தவர் சிப்பியில் என்ன தேறிச்சு என்ற சேதி பரவி, இன்னைக்கு விலை ஏறும், இறங்கும். ரிஸ்க் வாங்குறவனோடது, அதனால விலையை ஏலத்தில் பேசும் உரிமையும் வாங்குறவனுக்கு. வெறி பிடிச்சுக் கேட்டு நொடிச்சுப் போனவங்க அங்கேயும் உண்டு. அக்கரையில் இலங்கையில் 1905-ல் அமோகமான குளிப்பு. அதைப் பார்த்து லண்டன் கம்பெனி ஒண்ணு 1906-ல் அங்குள்ள பார்களை 20 வருஷக் குத்தகைக்கு எடுத்தது. ஒண்ணு ரெண்டு சீசன்தான், அப்புறம் பார் வெறுமை, கம்பெனியே கலைஞ்சு போச்சு. பழைய ஹிட்டைப் பார்த்து அடுத்ததுக்கு முன்பணம் கட்டுற நோய் நமக்கு மட்டும் வந்ததில்ல.

ஆனா ப்ரீ-ஆர்டரில் முதல் பெட்டி திறக்கிறதுக்கு ஒன்றரை வருஷம் முன்னாடியே விலை முடிஞ்சு போகுது. குறை வந்தால் நஷ்டம் உங்களுக்கு, கொடுக்கிறது மட்டும் முழு விலை. எனக்கு உறுத்துறது இதுதான்.

என் கணக்கையே போட்டுப் பார்ப்போம். அஞ்சு சிலையில் ஒண்ணு கண்ணுக்குத் தெரியும் குறையோட வரும், அதை வித்தால் பாதி விலைதான் என்று வச்சுக்கோங்க. இது என் அனுமானம், உங்க அனுபவத்துக்கு ஏத்த மாதிரி மாத்திக்கலாம். 42,000-ல் பத்து சதவீதம், 4,200 ரூபாய், அந்த ரிஸ்க்குக்கான விலை. அடுத்து, என் பணம் சராசரியா 14 மாசம் அவங்ககிட்ட கிடந்தது. 7 சதவீதம் வட்டின்னாலும் 3,400 ரூபாய்க்கு மேல. ரெண்டையும் கழிச்சா, அந்த ப்ரீ-ஆர்டர் எனக்குப் பெறுமானம் 34,400. அதுக்கு மேல நான் கொடுத்த ஒவ்வொரு ரூபாயும், வட்டியில்லாக் கடனும் இன்சூரன்ஸும் நானே அவங்களுக்கு இலவசமா கொடுத்தது. கிரெடிட் கார்டில் தவணை தள்ளிப்போட்டவங்க நிலைமை இன்னும் மோசம், மாசம் 3 சதவீதத்துக்கு மேல வட்டி ஓடும்.

"அண்ணே, வெளிவந்ததும் விலை ஏறிடும், இது இன்வெஸ்ட்மென்ட்" என்று சொல்றவங்களுக்கு ரெண்டு வார்த்தை. ஏறுற சிலை இருக்கு, மறுக்கல. ஏறுறது குறை இல்லாத பீஸ், பெட்டியோட. கண் ஒதுங்கின பீஸை யாரும் பிரீமியம் கொடுத்து வாங்க மாட்டாங்க. இன்னொண்ணு, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மறுவிற்பனைக்காக வாங்குறவர் 'நுகர்வோர்' இல்லை. அதனால கடைக்காரர்கிட்ட சாட்டில், "நான் இதை வித்துக் காசு பாக்கத்தான் வாங்கினேன்"னு டைப் பண்ணிடாதீங்க. உங்க கேஸை நீங்களே கெடுத்துக்கிற மாதிரி.

ரசிகனா வாங்கினா சட்டம் உங்க பக்கம் நல்லாவே இருக்கு. 2020 மின்வணிக விதிகளில், பொருள் குறையோட இருந்தாலோ விளம்பரத்தில் காட்டின தன்மை இல்லாமல் இருந்தாலோ விற்பவர் திருப்பி எடுக்க மறுக்கக் கூடாதுன்னு இருக்கு. முதலில் 1915-க்குப் போன் பண்ணுங்க. மசியலன்னா நீங்க குடியிருக்கிற மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம், கடை டெல்லியில் இருந்தாலும் சரி. 5 லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது. ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். நான் போடல. கூப்பன் வாங்கினதோட விஷயம் முடிஞ்சதுன்னு விட்டுட்டேன், கெடுவும் போயிடுச்சு. அது முழுக்க என் சோம்பேறித்தனம்.

இப்போ நான் எப்படி வாங்குறேன்னா, கூடுமானவரை ப்ரீ-ஆர்டரே கிடையாது. வெளிவந்து, நாலு பேர் பெட்டி பிரிச்ச வீடியோ பார்த்து, அதே லாட்டில் கண்ணும் கையும் எப்படி வந்திருக்குன்னு தெரிஞ்சப்புறம்தான் காசு. அதுதான் எனக்குச் சாம்பிள் சிப்பி. சில சிலை அதுக்குள்ள வித்துத் தீர்ந்திடும். போகட்டும். உயிரைக் கொடுத்தாவது வேணும்னு தோணுற சிலைக்கு மட்டும் விதிவிலக்கு. டெபாசிட்டோட நிறுத்தி, மீதிப் பணம் அனுப்புறதுக்கு முன்னாடி என் பீஸோட முகம், மூட்டு போட்டோ கேட்பேன். தர மாட்டோம்னு சொன்னா டெபாசிட்டை விட்டுட்டு விலகிடுவேன். 10,000 போனாலும் 32,000 மிச்சம். டெலிவரி வந்தா சீல் உடைக்கிறதுக்கு முன்னாடி இருந்தே வீடியோ ஓடணும், வெட்டு ஒட்டு இல்லாம.

போன மாசம் அதே ஹீரோவுக்குப் புதுச் சிலை வந்திருக்கு, 58,000. அதே கடை. கையிலிருந்த கூப்பனை எடுத்துப் பார்த்தேன். செல்லுபடி ஒரு வருஷம்தானாம், தேதி முடிஞ்சு எத்தனையோ மாசம் ஆச்சு.