யூனிஃபார்ம் அப்புறம், முதலில் மவுத்பீஸ்!

போன மாதம் எனக்கு ஒரு டிரம்பெட் மவுத்பீஸ் வாங்கினேன். "இதுக்கெல்லாம் ஒரு பதிவாடா?" என்று கேட்கப்போகும் பி.காம் நண்பர்களே, கொஞ்சம் பொறுங்கள். கடைசியில் கணக்குப்பதிவியல் வருகிறது :)

எட்டாம் வகுப்பிலிருந்து எங்கள் ஊர் மாதா கோயில் பேண்டில் டிரம்பெட் வாசிக்கிறேன். தேர்பவனி, குருத்தோலை ஞாயிறு, கிறிஸ்துமஸ், சில சமயம் கல்யாண வீடு, சில சமயம் சாவு வீடு. பேண்டில் இருப்பது இரண்டு டிரம்பெட். வாசிக்கிறவர்கள் ஐந்து பேர். அதாவது இரண்டு மவுத்பீஸ், ஐந்து வாய். ஒருவன் வாசித்து முடித்ததும் சட்டை நுனியில் துடைத்து அடுத்தவனிடம் கொடுப்பான். சின்ன வயதில் இது தப்பாகவே தோன்றவில்லை. ஒரே தட்டில் சாப்பிடுகிற மாதிரி ஒரு நட்பு என்று நினைத்திருந்தேன்.

தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். டிரம்பெட்டில் சத்தம் போடுவது அந்தப் பித்தளைக் குழாய் இல்லை. நம் உதடுதான். உதடு அதிர்கிறது, குழாய் அதைப் பெரிதாக்குகிறது. உதடும் குழாயும் சந்திக்கிற இடம்தான் மவுத்பீஸ். அதில் உதட்டில் படும் விளிம்பு, அதற்குள் ஒரு சின்னக் கிண்ணம், கிண்ணத்தின் அடியில் ஒரு துளை, பிறகு குழாய்க்குள் சொருகும் தண்டு. அவ்வளவுதான். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும்.

அவ்வளவு சின்னப் பொருளை வாங்கப் போனால்தான் தலை சுற்றுகிறது. வின்சென்ட் பாக் என்று ஆஸ்திரியாவில் பிறந்த ஒரு டிரம்பெட் கலைஞர் 1918இல் நியூயார்க்கில் மவுத்பீஸ் செய்ய ஆரம்பித்தார். அவர் வைத்த எண்கள்தான் இன்றைக்கும் பேச்சுவழக்கில். 7சி, 5சி, 3சி என்பார்கள். அவர் முறையில் எண் குறையக் குறைய விட்டம் கூடும். எழுத்து கிண்ணத்தின் ஆழம்: ஏ என்றால் ஆழம், இ என்றால் மேலோட்டம். யமஹாவை எடுத்தால் நேர் எதிர், எண் கூடினால்தான் விட்டம் கூடும்! பாக் 7சி-யின் உள்விட்டம் 16.20 மி.மீ., 3சி 16.30 மி.மீ. வித்தியாசம் எவ்வளவு பாருங்கள். 0.1 மி.மீ. நாம் பரீட்சை எழுதும் தாளின் தடிமன்! இந்த ஒரு தாளுக்காக ஊரில் உலகத்தில் எத்தனை சண்டை தெரியுமா?

நானும் அந்தச் சண்டையில் விழுந்தவன்தான். "பெரிய ஆளுங்க எல்லாம் பெரிய சைஸ்தான் வைப்பாங்க" என்று யாரோ சொன்னதை நம்பி, பெரிய விட்டம் வாங்கவேண்டும் என்று நாலு மாதம் டியூஷன் எடுத்துக் காசு சேர்த்தேன். மேல் ஸ்தாயி தானாக வந்துவிடும் என்று கனவு. கடையில் இருந்த அண்ணன் நல்லவர். "தம்பி, உங்க டிரம்பெட்டையே கொண்டுவந்தீங்களா? கண்ணை மூடிக்கிட்டு வாசிங்க. நான் ஒவ்வொண்ணா தர்றேன், நம்பரைப் பார்க்காதீங்க" என்றார். "உச்சத்துக்குப் போகாதீங்க. நடு ஸ்வரத்தை மெதுவா, நீளமா ஊதுங்க. பத்து நிமிஷத்துல உதடு சோர்ந்துபோனா அது உங்களுக்கு ஆகாது" என்றும் சொன்னார்.

கண்ணை மூடி நான் தேர்ந்தெடுத்தது எது தெரியுமா? ஆரம்பப் பாடம் படிக்கிறவர்களுக்குக் கொடுக்கும் சாதாரண 7சி! என் ஈகோ அங்கேயே செத்தது.

ஆனால் நான் எழுத வந்தது அதைப் பற்றி இல்லை.

வீட்டுக்கு வந்து புதியதைச் சொருகினேன். டக்கென்று உட்கார்ந்தது, ஆடவே இல்லை. அப்போதுதான் கோயில் டிரம்பெட்டின் பழைய மவுத்பீஸை முதல்முறையாக ஒழுங்காகப் பார்த்தேன். தண்டைச் சுற்றி காகிதம் சுற்றி இருந்தது. பிரித்துப் பார்த்தால் அது டிரம்பெட் மவுத்பீஸே இல்லை. கார்னெட்டினுடையது. கார்னெட்டின் தண்டு சின்னது, டிரம்பெட்டில் சொருகினால் ஆடும். எந்தக் காலத்திலோ யாரோ காகிதம் சுற்றி இறுக்கியிருக்கிறார்கள். நாங்களும் காகிதம் கிழிந்தால் புதுக் காகிதம் சுற்றினோமே தவிர, ஏன் என்று ஒருவனும் கேட்கவில்லை. விளிம்பில் வெள்ளி முலாம் தேய்ந்து பித்தளை தெரிந்தது. வெறும் பித்தளை சிலர் உதட்டுக்கு ஒத்துக்கொள்ளாது, எரியும், தடிக்கும்.

எனக்கு உடனே ஒரு பையன் ஞாபகம் வந்தான். எட்டாவது படிக்கிறான். போன வருடம் பேண்டில் சேர்ந்தான். இந்த மவுத்பீஸ்தான் அவனுக்குக் கிடைத்தது. ஒரு அளவுக்கு மேல் ஸ்வரம் ஏறவே இல்லை. அழுத்தி அழுத்தி ஊதி உதட்டைப் புண்ணாக்கிக்கொண்டான். மாஸ்டர் "இவனுக்கு மூச்சு பத்தலை" என்றார். பக்கத்தில் நின்ற நானும் "ஆமா மாஸ்டர்" என்றேன். அவனை ஜால்ராவுக்கு மாற்றிவிட்டார்கள். அவன் எதுவும் சொல்லவில்லை. தேர்பவனியில் ஜால்ரா தட்டிக்கொண்டே எங்கள் விரல்களைப் பார்த்துக்கொண்டு வந்தான்.

போன ஞாயிறு அவனைக் கூப்பிட்டு, என் மவுத்பீஸை சோப்புப் போட்டு வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவிக் கொடுத்தேன். கால் மணி நேரம். அவனுக்கு வராத ஸ்வரம் வந்தது. பிரமாதம் என்று சொல்லமாட்டேன், நடுங்கிக்கொண்டேதான் வந்தது. ஆனால் வந்தது. "அண்ணே, அப்போ எனக்கு மூச்சு இருக்கா?" என்று கேட்டான். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை.

மவுத்பீஸ் மந்திரம் செய்யும் என்று நான் சொல்லவில்லை. நல்ல மவுத்பீஸ் யாரையும் லூயிஸ் ஆம்ஸ்ட்ராங் ஆக்காது. அந்த ஆம்ஸ்ட்ராங்கே 1930களில் உதடு காயப்பட்டு வாசிக்க முடியாமல் இருந்திருக்கிறார். உதட்டுத் தசை கிழிவதற்கு மருத்துவர்கள் அவருடைய செல்லப்பெயரை வைத்தே 'சாச்மோ சிண்ட்ரோம்' என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். ஆக, நல்லது நம்மை மேதையாக்காது. ஆனால் மோசமானது, வரவேண்டியதை வரவிடாமல் தடுக்கும். பழி மட்டும் பையனின் மூச்சின் மேல் விழும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இந்த வருடம் எங்கள் பேண்டுக்கு நன்கொடை வந்திருக்கிறது. கமிட்டி அதில் புது யூனிஃபார்ம் தைக்கப்போகிறது. தங்க நிறப் பட்டை, தோளில் குஞ்சம். நான் ஃபாதரிடம் போய், "முதலில் டிரம்பெட் வாசிக்கிற ஒவ்வொருவனுக்கும் ஒரு மவுத்பீஸ் வாங்குங்க" என்றேன். மூன்று பதில்கள் கிடைத்தன.

ஒன்று, "நாங்கல்லாம் இதுலதானே வாசிச்சோம்?" இது மாஸ்டர். வாசித்தீர்கள் மாஸ்டர். ஆனால் வாசிக்க முடியாமல் விட்டுப்போனவர்கள் யாரும் இங்கே வந்து சாட்சி சொல்ல மாட்டார்கள் இல்லையா?

இரண்டு, "பையனுங்க பாதியில நின்னுட்டா காசு வீண்." இங்கேதான் கணக்குப்பதிவியல். யூனிஃபார்ம் 1,500 ரூபாய் என்று வையுங்கள். வளர்கிற பையனுக்கு இரண்டு வருடம். நேர்கோட்டு முறையில் தேய்மானம் வருடத்துக்கு 750. மவுத்பீஸ் 4,000 என்றே வையுங்கள். கீழே போடாமல் வைத்தால் 20 வருடம் தாராளமாக வரும். வருடத்துக்கு 200. பையன் நின்றுவிட்டால் திருப்பி வாங்கி, நன்றாகக் கழுவி, அடுத்த பையனுக்கு அவனுடையதாகக் கொடுத்துவிடலாம். அடுத்தவன் தோள் அளவுக்கு யூனிஃபார்மை அப்படிக் கொடுக்க முடியுமா? இதில் எது மூலதனச் செலவு என்று பிளஸ் ஒன் பையன்கூடச் சொல்வான்.

மூன்று, "ஜனங்க பார்க்கிறது யூனிஃபார்மைத்தானே?" இதற்குத்தான் என்னிடம் முழுப் பதில் இல்லை. உண்மைதான், பார்ப்பார்கள். குஞ்சம் கொடுத்தவர் பெயரை மைக்கில் சொல்வார்கள். மவுத்பீஸ் கொடுத்தவர் பெயரைச் சொன்னால் யாருக்கும் புரியாது. ஆனால் பேண்டை ஜனங்கள் கேட்கவும் செய்வார்களே!

நம் ஊர் நாதஸ்வரக்காரர்களைப் பாருங்கள். வாத்தியத்திலேயே நாலைந்து சீவாளி தொங்கும். தன் வாய்க்கு எது சரி என்று அவர்களுக்குத் தெரியும். திருவாவடுதுறையில் சீவாளி செய்வதற்கென்றே குடும்பங்கள் இருந்திருக்கின்றன. வாயில் வைப்பது அவரவருக்கென்று இருக்கவேண்டும் என்பது நமக்குப் புதுச் செய்தி இல்லை. பித்தளை வாத்தியம் என்றதும் மட்டும் மறந்துவிட்டோம்.

கமிட்டி அடுத்த ஞாயிறு கூடுகிறது. என்னால் முடிந்தது, என் பங்கு யூனிஃபார்ம் வேண்டாம், அந்தக் காசை மவுத்பீஸ் கணக்கில் வையுங்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். பழைய வெள்ளைச் சட்டையே போதும். இன்னும் இரண்டு பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். ஜால்ராக்காரனும் போடுகிறேன் என்றான். "உனக்கு வேண்டாம்டா, நீ புதுச் சட்டை போட்டுக்கோ" என்றேன்.

"சட்டை வேணாம்ணே" என்றான்.

பி.கு.: புதிதாக வாங்கப்போகிறவர்களுக்கு: தண்டு ஆடுகிறதா என்று முதலில் பாருங்கள், எண்ணை அப்புறம் பாருங்கள். மாட்டிக்கொண்டால் சுத்தியலால் தட்டாதீர்கள். கழற்றுவதற்கென்றே ஒரு கருவி இருக்கிறது, ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோங்கள்.