ஓவர்லோடு என்று ஒரு வார்த்தை



பத்து இருபது நாளாக நான் இங்கே எதுவும் எழுதவில்லை என்று சிலர் போன் போட்டு விசாரித்தீர்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. தங்கை மகன் வண்டி விஷயமாக அலைந்துகொண்டிருந்தேன். அதைத்தான் எழுதப் போகிறேன். நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள். வகுப்பில் எப்படியும் என் பேச்சை முக்கால் மணி நேரம் கேட்டவர்கள்தானே நீங்கள்.

மருமகனை உங்களில் பலருக்குத் தெரியும். தேங்காய்த்திட்டு துறைமுகத்திலிருந்து மீன் பெட்டி ஏற்றிக்கொண்டு திண்டிவனம், விழுப்புரம் போவான். பத்து வருஷம் அடுத்தவர் வண்டியை ஓட்டியவன், போன வருஷம் மனைவியின் செயினை அடகு வைத்து முன்பணம் கட்டி, மீதிக்கு லோன் போட்டு, சொந்தமாக ஒரு பிக்கப் எடுத்தான். எட்டரை லட்சம். மாதத் தவணை 14,600 ரூபாய். முத்தியால்பேட்டை மணிக்கூண்டு வரை ஓட்டி வந்து நிறுத்தி, என்னைத்தான் முதலில் ஏற்றினான்.

ஏழாவது மாதம் நாலாவது கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வர ஆரம்பித்தது. பிறகு உள்ளேயிருந்து அரைக்கிற சத்தம். ஒரு நாள் விடியற்காலை காலாப்பட்டு தாண்டி, பின்னால் ஐஸில் மீன் இருக்க, எந்தக் கியரும் விழாமல் ஈ.சி.ஆர். ஓரத்தில் வண்டி நின்றுவிட்டது. வாரண்டி மூன்று வருஷம் அல்லது ஒரு லட்சம் கிலோமீட்டர். வண்டி ஓடியிருந்ததோ இருபத்தோராயிரம்தான். இதில் சண்டை போட என்ன இருக்கிறது என்றுதானே நினைப்பீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

வண்டி விற்ற இடத்தின் பெயரை எழுதவில்லை. கேட்காதீர்கள். ஒரு கடையைத் திட்டுவது என் நோக்கம் இல்லை. விசாரித்த வரையில் இது பல இடங்களில் நடக்கிற வழக்கம்தான்.

முதல் வாரம், "கிளட்ச் பிளேட் போயிருக்கு, அது தேய்மானப் பொருள், வாரண்டியில வராது, பதினோராயிரம் ஆகும்" என்றார்கள். கட்டினான். வண்டி மூன்று நாள் ஓடியது, அதே கியர் மறுபடியும் கழன்றது. இரண்டாவது தடவை, "கியர் பாக்ஸே இறக்கணும். நீங்க ஓவர்லோடு அடிச்சிருக்கீங்க, கம்பெனி ஒத்துக்காது" என்றார்கள். யார் எடை போட்டார்கள், எப்போது போட்டார்கள்? பதில் இல்லை. மூன்றாவது தடவை இன்னொரு காரணம் முளைத்தது. வெளியில் ஒரு மெக்கானிக்கிடம் கியர் ஆயில் மாற்றியிருக்கிறான், அதனால் வாரண்டியே ரத்து. இவ்வளவும் வாய்ப்பேச்சு. ஒரு வரிகூடக் காகிதத்தில் இல்லை. அவன் கையில் இருந்தது தேதி மட்டும் போட்ட ஒரு ஜாப் கார்டு. புகார் என்ன என்று எழுத வேண்டிய கட்டம் காலியாக இருந்தது, அதன் கீழே இவன் கையெழுத்து!

"ஏன்டா வெற்றுக் காகிதத்துல கையெழுத்துப் போட்ட?" என்றேன். "எல்லாரும் போடறாங்க மாமா" என்றான்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கோபம் முதலில் என் மேல்தான் வந்தது. ஒவ்வொரு டிசம்பர் 24-ம் தேதியும் தேசிய நுகர்வோர் தினம் என்று பள்ளியில் பேச்சுப்போட்டி வைத்தவன் நான். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் எந்த ஆண்டு என்று கேட்டால் 1986 என்று மொத்த வகுப்பும் கத்தும். பரிசாக டிபன் பாக்ஸ் கொடுப்போம். ஆனால் ஜாப் கார்டை எப்படிப் படிப்பது, மறுப்பை எழுதி வாங்குவது எப்படி என்று ஒரு பிள்ளைக்காவது சொல்லிக்கொடுத்தேனா? காய்ச்சலுக்கு விடுப்பு விண்ணப்பம் எழுதக் கற்றுக்கொடுத்தேன். "தங்கள் உண்மையுள்ள" என்று முடிக்கக் கற்றுக்கொடுத்தேன். பணிந்து கேட்க மட்டும்தான் பழக்கினோம்.

சரி, ஓவர்லோடுக்கு வருகிறேன். அதிக பாரம் கியர் பாக்ஸைக் கெடுக்காது என்று நான் சொல்ல மாட்டேன். கெடுக்கும். அப்படி ஏற்றுகிறவர்களும் இருக்கிறார்கள், நமக்கும் தெரியும். ஆனால் ஏழு மாதம் பாரம் தாங்காமல் ஓடிய வண்டி என்றால் பின்பக்கப் பட்டை இறங்கியிருக்கும், டயர் தின்றிருக்கும், வேறு தடயம் ஏதாவது இருக்கும். இவன் வண்டியில் பட்டையும் டயரும் புதுசு மாதிரி இருந்தன. அதிக பாரத்துக்கு இப்போது அபராதம் 20,000 ரூபாய், மேலே டன்னுக்கு 2,000. தினமும் மாநில எல்லை தாண்டிப் போகிற இவன் மேல் ஒரு சலான்கூட இல்லை. எத்தனை பெட்டி, யாருக்கு, எவ்வளவு வாடகை என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கிற பழக்கமும் அவனுக்கு உண்டு. (கணக்கில் முப்பத்தைந்து மார்க் எடுத்தவன்தான். இந்த நோட்டைப் பார்த்தபோது அந்த மார்க்குக்காக அவனைத் திட்டியதை நினைத்து வெட்கப்பட்டேன்.)

ஆயில் மாற்றிய நம் தெரு மெக்கானிக், பழைய ஆயிலைக் கொட்டாமல் ஒரு டப்பாவில் வைத்திருந்தார். வெளிச்சத்தில் காட்டினார். பித்தளை நிறத்தில் தூள் மின்னியது. "சார், இது சின்க்ரோ ரிங் தேஞ்ச தூள். நான் ஆயில் மாத்தறதுக்கு முன்னாடியே உள்ள அரைச்சிருக்கு" என்றார். கியர் மாறும்போது இரண்டு சக்கரங்களின் வேகத்தையும் ஒன்றாக்கிக் கொடுக்கிற வளையம் அது. இவ்வளவு சீக்கிரம் தேய வேண்டியது இல்லை. அந்த மெக்கானிக் எட்டாவதோடு நின்றவர். ஏ.சி. அறையில் உட்கார்ந்து ஓவர்லோடு என்று சொன்னவர் டை கட்டியிருந்தார்.

வெளியில் வேலை பார்த்தால் வாரண்டி ரத்து என்கிறார்களே, அதற்கும் ஒரு வரலாறு உண்டு. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் பதினான்கு கார் கம்பெனிகள் மீது ஓர் உத்தரவு போட்டது. வெளியில் ரிப்பேர் பார்த்தார் என்பதற்காக வாரண்டியை மொத்தமாக ரத்து செய்யக் கூடாது, அந்த வெளி வேலையால் ஏற்பட்ட சேதம் எவ்வளவோ அந்த அளவுக்குத்தான் மறுக்கலாம் என்றது. கம்பெனிகள் மேல்முறையீடு போனார்கள், அது தனிக் கதை. உத்தரவும் கார் கம்பெனிகளைப் பற்றியது. ஆனால் அதில் உள்ள நியாயம் பிக்கப்புக்குப் பொருந்தாதா? இட்லி வெளியில் சாப்பிட்டாய், அதனால் உன் கால் முறிவுக்கு வைத்தியம் பார்க்க மாட்டேன் என்று ஒரு டாக்டர் சொன்னால் சும்மா விடுவோமா?

இதையெல்லாம் நான் அங்கே போய்ப் பேசியபோது மேலாளர் சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னார். "ஐயா, இது கமர்ஷியல் வண்டி. இதுக்கு கன்ஸ்யூமர் கோர்ட்டே கிடையாது."

இந்த ஒரு பொய்க்காகத்தான் இந்தப் பதிவையே எழுதுகிறேன். லோடு வண்டி, ஆட்டோ, தையல் மெஷின், மாவு மெஷின் வாங்கியிருக்கிற என் மாணவர்கள் அத்தனை பேரும் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். வியாபார நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் இல்லை என்று சட்டம் சொல்வது உண்மைதான். ஆனால் அதே பிரிவின் விளக்கத்தில், சுயதொழில் செய்து தன் பிழைப்பை நடத்துவதற்காக மட்டுமே வாங்கிய பொருளானால் அது வியாபார நோக்கம் ஆகாது என்றும் இருக்கிறது. 2019-ம் வருஷச் சட்டத்திலும் இந்த விளக்கம் உண்டு. இதைப் பற்றி உச்ச நீதிமன்றம் 1995-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட் மீது லக்ஷ்மி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் போட்ட வழக்கு. வழக்குப் போட்டவர்கள் தோற்றார்கள், அவர்கள் பெரிய அளவில் தொழில் செய்தவர்கள் என்று. ஆனால் அந்தத் தீர்ப்பிலேயே, ஆட்டோ வாங்கித் தானே ஓட்டிப் பிழைக்கிறவரும், லாரி வாங்கித் தானே ஓட்டுகிறவரும் நுகர்வோர்தான், உதவிக்கு ஒன்றிரண்டு பேரை வைத்துக்கொண்டாலும் அந்த உரிமை போகாது என்று எழுதியிருக்கிறார்கள். இது வந்து முப்பது வருஷம் ஆகிறது. மேலாளருக்குத் தெரியாதா? தெரியும் என்றுதான் நினைக்கிறேன். நமக்குத் தெரியாது என்பதும் அவருக்குத் தெரியும்.

இந்தச் சட்டத்தோடும் எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. புருஷன் போன பிறகு கடன் வாங்கி ஒரு வண்டி எடுத்து, முழுக்க டிரைவர் வைத்து ஓட்டி இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்கிற பெண் நம் சோலை நகரில் இருந்தால், அவள் நுகர்வோரா இல்லையா? தானே ஓட்ட வேண்டும் என்கிற கணக்குப்படி வக்கீல்கள் அவளை வெளியே தள்ளப் பார்ப்பார்கள். ஸ்டியரிங்கைப் பிடித்தால்தான் பிழைப்பா? ஏசி வாங்கி வீட்டில் மாட்டிய பணக்காரருக்கு இந்தக் கேள்வியே வருவதில்லை. ஒரே ஒரு வண்டியை நம்பி இருக்கிறவளைப் போய்த்தான் நீ யார் என்று கேட்கிறோம்.

விற்றவன் பொறுப்பு என்பது ஒன்றும் புதுச் சங்கதி இல்லை. என் தாத்தா காலத்தில் இந்த ஊரில் இருந்தது பிரெஞ்சு சிவில் சட்டம். அதன் 1641-ம் பிரிவு, வெளியில் தெரியாமல் பொருளுக்குள் மறைந்திருக்கிற குறைக்கு விற்றவனே பொறுப்பு என்று சொல்கிறது. 1804-ல் எழுதியது. அமெரிக்காவில் 1982-ல் கனெக்டிகட் மாநிலம் தொடங்கி ஒவ்வொரு மாநிலமாகத் தனிச் சட்டமே போட்டார்கள். திரும்பத் திரும்ப ரிப்பேர் பார்த்தும் சரியாகாத புது வண்டிக்கு மாற்று வண்டியோ பணமோ தர வேண்டும். அதற்கு 'லெமன் சட்டம்' என்று பேர். நாம் எலுமிச்சம்பழத்தை டயருக்கு அடியில் வைத்து நசுக்கிவிட்டு வண்டியை எடுக்கிறோம். அவர்கள் உதவாத வண்டிக்கே எலுமிச்சம்பழம் என்று பேர் வைத்துவிட்டார்கள்!

நம் நாட்டில் அந்த அளவுக்கு இல்லை. புது வண்டியே கொடு என்று மருமகன் குதித்தான். நான்தான் அடக்கினேன். 2006-ல் மாருதி சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில், வாரண்டி சொல்வது குறையுள்ள பாகத்தை மாற்றுவதைத்தான், முழு வண்டியை அல்ல என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நியாயமாகக் கிடைக்கக் கூடியதைக் கேட்டால் நிற்கும்.

நாங்கள் செய்தது பெரிய வித்தை இல்லை. நானும் அவனும் திண்ணையில் உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினோம். வண்டி எடுத்த தேதி, ஓடிய கிலோமீட்டர், ஒவ்வொரு தடவையும் விட்ட தேதி, அவர்கள் சொன்ன காரணம். கடைசியில் இரண்டே கேள்வி. எந்த வாரண்டி விதியின்படி மறுக்கிறீர்கள்? ஓவர்லோடு என்பதற்கு ஆதாரம் என்ன? எங்கள் முன்னால் கியர் பாக்ஸைத் திறக்க வேண்டும், கழற்றும் பாகத்தைத் தூக்கிப் போடக் கூடாது என்றும் எழுதினோம். விற்ற இடத்துக்கு ஒன்று, கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்கு ஒன்று, பதிவுத் தபாலில். 1915-க்கு போன் செய்து தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிந்தோம்.

ஒன்பதாவது நாள் சென்னையிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்தார். எங்கள் எதிரிலேயே திறந்தார். சின்க்ரோ ரிங் தேய்ந்து, ஒரு பேரிங் உடைந்திருந்தது. பார்த்துவிட்டு அவர் ஓவர்லோடு என்ற வார்த்தையையே எடுக்கவில்லை. கியர் பாக்ஸ் இலவசமாக மாறியது. கிளட்ச்சுக்கு வாங்கிய பதினோராயிரமும் திரும்பி வந்தது. ஆனால் வண்டி நின்ற ஐம்பத்து மூன்று நாளுக்கு? இரண்டு தவணை அபராத வட்டியோடு கட்டியிருக்கிறான், வழக்கமாக மீன் கொடுத்த இரண்டு பேர் வேறு வண்டிக்குப் போய்விட்டார்கள். அதற்கு மட்டும் "பாலிசி இல்லை சார்" என்கிறார்கள்.

"கிடைச்சதே பெரிசு, விட்டுடுங்க" என்று உறவில் மூன்று பேர் எனக்கு அறிவுரை சொன்னார்கள். அவர்களும் இதைப் படிக்கிறார்கள், படிக்கட்டும். இதில் அவனுக்குக் கிடைத்தது என்ன? முதல் நாளே செய்ய வேண்டியதை ஐம்பத்து மூன்றாம் நாள் செய்திருக்கிறார்கள். அதற்கு நன்றி சொல்ல வேண்டுமா?

இன்னொன்று. அங்கே சர்வீஸ் கவுண்டரில் நின்ற பையன் என் மாணவன். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். வாசல் வரை வந்து, "சார், முதல்ல இல்லைன்னு சொல்லச் சொல்லித்தான் எங்களுக்கு உத்தரவு. பாதிப் பேர் அப்படியே திரும்பிப் போயிடுவாங்க" என்றான். கண்ணைத் தாழ்த்திக்கொண்டுதான் சொன்னான். தம்பி, நீயும் இதைப் படிப்பாய். உன் மேல் எனக்குக் கோபம் இல்லை, உன் சம்பளமும் ஒரு தவணைக்குத்தான் போகிறது என்று தெரியும். நீ செய்யக் கூடியது ஒன்று இருக்கிறது. ஜாப் கார்டில் புகார் கட்டத்தைக் காலியாக விடாதே. வண்டிக்காரர் சொல்வதை அவர் சொன்னபடியே எழுதிவிட்டு, பிறகு கையெழுத்து வாங்கு. அதற்காக யாரும் உன்னை வேலையை விட்டு எடுக்க முடியாது.

ஐம்பத்து மூன்று நாள் நஷ்டத்துக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடுகிறோம். நாம் குடியிருக்கிற ஊரிலேயே போடலாம், கம்பெனி எங்கே இருந்தாலும் சரி. கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்கு மேல் பத்து லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் 200 ரூபாய். பிரச்சினை எழுந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும், எங்களுக்கு நாள் இருக்கிறது. மூன்றிலிருந்து ஐந்து மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. அது நடக்கும் என்று நம்புகிற அளவுக்கு நான் சின்னப் பிள்ளை இல்லை. இழுக்கட்டும், எனக்குத்தான் பென்ஷன் வருகிறதே, போய் உட்காருகிறேன்.

மனுவின் வரைவை நானே தமிழில் எழுதி வைத்திருக்கிறேன். வக்கீலாக இருக்கிற மாணவர்கள் யாராவது ஒருமுறை படித்துத் திருத்திக் கொடுத்தால் நல்லது. இந்தத் தடவை சிவப்பு மை உங்கள் கையில். சனி, ஞாயிறு மாலை வீட்டில்தான் இருப்பேன். மருமகன் ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கு மேல்தான் லோடு இறக்கிவிட்டு வருவான். அவனிடமும் பேச வேண்டும் என்றால் அதற்குத் தகுந்தபடி வாருங்கள்.