“ஒரு வாய்தானே” என்று சொல்லும் எங்களுக்கு



கொஞ்சம் நீளமான பதிவு. சோறு பற்றியது என்பதால் கடைசி வரை வாசிப்பீர்கள் என்று நம்புகிறோம்.

சென்ற மாதம் ஒரு கல்யாண வீட்டில் ஒரு சஹனைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்தோம். ஆறு பேரும் ஒரே பாடசாலையில் படிப்பிக்கிறவர்கள். எங்களில் ஒருவர் 4 மாதங்களுக்கு முன்னர் கொழும்பில் இரைப்பையைச் சிறிதாக்கும் ஒப்பரேஷன் செய்துகொண்டவர். மற்ற ஐந்து பேருக்கும் அது நன்றாகத் தெரியும்.

“என்ன சேர், குருவி மாதிரிக் கொத்துறீங்க?” என்று தொடங்கினோம். “ஒரு வாய்தானே, ஒண்டும் ஆகாது.” “வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டு நிக்கிறார், மனம் நோகும்.” கோழித் துண்டைப் பிய்த்து அவர் பக்கம் தள்ளியது எங்களில் ஒருவர். சோடாவை ஊற்றி நீட்டியது இன்னொருவர். வட்டிலப்பத்தைக் கரண்டியில் அள்ளி வாய் வரைக்கும் கொண்டுபோனதும் எங்களில் ஒருவர்தான். மனிசன் சிரித்துக்கொண்டே தின்றார். பிறகு கை கழுவப் போனவர் திரும்பி வரவில்லை. போய்ப் பார்த்தால், பந்தலுக்குப் பின்னால் தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் குந்தியிருந்து வாந்தி எடுத்துக்கொண்டிருக்கிறார். சேட் முழுக்க வியர்வை. கை நடுங்குகிறது. மோட்டார் சைக்கிளில் ஏற்றி வீட்டில் விட்டுவிட்டு வந்து ஃபலூடா குடித்தவர்களும் நாங்கள்தான்.

இதை எழுதலாமா என்று அவரிடம் கேட்டோம். “எழுதுங்க, என்ட பேர மட்டும் போடாதீங்க” என்றார்.

அவருக்குச் செய்த ஒப்பரேஷனில் இரைப்பையில் முக்கால் பங்குக்கும் மேல் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது ஒரு வாழைப்பழம் அளவான குழாய். ஆரம்ப மாதங்களில் அதற்குள் ஒரு சின்னப் பிளேன்டீக் கோப்பை அளவுதான் கொள்ளும். வெட்டித் தைத்த இடம் ஆற வேண்டும். அதனால் முதல் இரண்டு வாரமளவில் நீராகாரம் மட்டும், பிறகு மசித்த சாப்பாடு, பிறகு மென்மையானது. வழமையான சாப்பாட்டுக்கு மெல்ல மெல்லத் திரும்ப ஒன்றரை, இரண்டு மாதம் ஆகும். அதற்குப் பிறகும் பழைய மாதிரித் தின்ன முடியாது. ஒவ்வொரு வாயையும் கூழாகும் வரை மென்று, ஒரு நேரச் சாப்பாட்டுக்கு இருபது, முப்பது நிமிடம் எடுத்துத் தின்ன வேண்டும். சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக் கூடாது. குடிக்க அரை மணி நேரம் பொறுக்க வேண்டும். நாங்கள் ஐந்து பேரும் பத்து நிமிடத்தில் சஹனின் அடியைக் கண்டவர்கள். அந்த வேகத்துக்கு அவரையும் இழுத்தோம்.

வட்டிலப்பத்துக்கு வேறு கணக்கு. அவ்வளவு கருப்பட்டியும் தேங்காய்ப் பாலும் சிறிய இரைப்பையில் தங்காமல் சட்டென்று குடலுக்குள் இறங்கினால் நெஞ்சு படபடக்கும், வியர்க்கும், தலை சுற்றும், வயிற்றாலும் போகலாம். சிலருக்கு இரண்டு, மூன்று மணி நேரம் கழித்து இரத்தத்தில் சீனி இறங்கி மயக்கமே வரும். குடலை மாற்றி இணைக்கும் பைபாஸ் முறை செய்தவர்களுக்கு இது இன்னும் அதிகம். “ஒண்டும் ஆகாது” என்று சொல்ல எங்களில் யார் டொக்டர்? ஒருவர் கணிதம், ஒருவர் வரலாறு, மற்றவர்களும் அப்படித்தான்.

இன்னொன்றும் விளங்க வேண்டும். இவர்களுக்கு நாளொன்றுக்கு 60 கிராமுக்குக் குறையாமல் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் இருப்பது 6 கிராம் அளவுதான். பிளேன்டீக் கோப்பை அளவு இடத்தில் நாம் வற்புறுத்தி வைக்கும் இரண்டு பிடி சோறு, அவருடைய மீனுக்கும் முட்டைக்கும் பருப்புக்கும் இருந்த இடத்தைத்தான் பிடிக்கிறது. தின்னச் சொன்னவர்கள் உண்மையில் அவரைப் பட்டினி போட்டோம்.

சோறு தின்ன வைத்தது ஒரு பக்கம். வாய் சும்மா இருந்ததா? “நடந்திருந்தாலே குறைஞ்சிருக்கும்”, “காசு இருக்கிறவன் குறுக்கு வழியில போறான்”, “அல்லாஹ் படைச்ச உடம்ப வெட்டுறதா?” ஸ்டாஃப் ரூமில் அவர் இல்லாத நேரம் இவ்வளவும் பேசினோம். 18 வருடம் சீனி வருத்தத்தோடு இன்சுலின் ஊசி ஏற்றிக்கொண்டு, பாடசாலை மாடிப்படியில் இரண்டு தரம் நின்று மூச்சு வாங்கிய மனிசன் அவர். நடக்காமலா இருந்தார்? சுபஹுக்குப் பிறகு கடற்கரையில் நடந்ததை ஊரே பார்த்திருக்கிறது. நெஞ்சைப் பிளந்து இருதய பைபாஸ் செய்தவரைப் பார்க்க ஹோர்லிக்ஸ் போத்தலோடு போகிறோம். யாரும் குறுக்கு வழி என்பதில்லை. வயிற்றில் செய்தால் மட்டும் ஏன் நாக்கு நீளுகிறது? மார்க்கச் சட்டம் சொல்ல நாங்கள் முஃப்திகள் அல்லர். சந்தேகம் உள்ளவர் தன் விடயத்தை நம்பிக்கையான டொக்டரிடமும் ஆலிமிடமும் கேட்கட்டும். அடுத்தவர் வயிற்றுக்குப் பத்வா கொடுப்பதை நாம் நிறுத்துவோம்.

எல்லோரும் போய் இதைச் செய்யுங்கள் என்று நாங்கள் சொல்வதாக யாரும் எடுத்துவிட வேண்டாம். பெரிய ஒப்பரேஷன் அது. ஆயுள் முழுக்க விற்றமின், கிளினிக், இரத்தப் பரிசோதனை என்று இருக்கிறது. ஒழுங்காக இல்லாவிட்டால் குறைந்த எடை திரும்பியும் வரும். இதில் எங்கே குறுக்கு வழி?

இந்தப் பேச்சுக்குப் பயந்து மறைக்கிறவர்களின் நிலை இன்னும் மோசம். எங்களிடம் படித்த ஒரு பிள்ளை இதைச் செய்தது புருசனுக்கும் உம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும். மாமி வீட்டில் சொல்லவில்லை. விற்றமின் குளிசைகளை அரிசி வாளிக்குள் ஒளித்து வைத்திருந்திருக்கிறாள். வீட்டில் ஆள் கூடிய நாட்களில் எடுக்க முடியாமல் போய், பிறகு அடியோடு விட்டுவிட்டாள். எல்லோரோடும் இருந்து தின்றே ஆக வேண்டிய கட்டாயம், தின்றதெல்லாம் வாந்தி. வாரக்கணக்கில் சொல்லாமல் சமாளித்திருக்கிறாள். ஒரு நாள் காலில் பலம் இல்லாமல் கிணற்றடியில் விழுந்தாள். விற்றமின் பி1 குறைந்து நரம்பு பாதித்திருக்கிறது என்றார்கள். அல்ஹம்துலில்லாஹ், இப்போது நடக்கிறாள். ஆனால் பழைய நடை இல்லை.

அவளுக்கு முடி கொட்டியபோது “கண்ணூறு” என்றோம். ஒப்பரேஷன் செய்து மூன்று மாதம் தொடக்கம் ஆறு மாதத்துக்குள் முடி கொட்டுவது வழமை. புரதமும் இரும்புச் சத்தும் சரியாக இருந்தால் திரும்ப வளரும். ஓதிப் பார்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை, இரத்தத்தையும் சோதித்துப் பாருங்கள். கருஞ்சீரகத்தின் சிறப்பில் நமக்குப் பேச்சில்லை. அதற்காக பி12ஐ நிறுத்தச் சொல்லி வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்புகிறவர் மறுமையில் பதில் சொல்ல வேண்டி வரும். கெப்சியூலில் ஜெலட்டின் சந்தேகம் என்றால் குளிசையாகத் தரச் சொல்லிக் கேட்கலாம். முழங்கால் நோவுக்கு நம் வீட்டில் இருக்கும் டைக்ளோஃபெனாக்கை எடுத்து நீட்டுவதும் வேண்டாம். வெட்டிய வயிற்றில் அது புண்ணைக் கொண்டுவரும். “இன்னும் பிள்ளை இல்லையா?” என்று கேட்ட மாமிமாருக்கும் ஒரு வார்த்தை: ஒப்பரேஷன் செய்து ஒரு வருடம், ஒன்றரை வருடம் வரை கர்ப்பம் வேண்டாம் என்றுதான் டொக்டர்மார் சொல்கிறார்கள்.

இனி நோன்பு. பகல் முழுக்கத் தண்ணீர் இல்லாமல் இருந்து, இஃப்தாருக்கு இரண்டு கிளாஸ் சர்பத்தை ஒரே மூச்சில் குடிக்க இவர்களால் முடியாது. வாய் வாயாக நனைத்துத்தான் தண்ணீரைச் சேர்க்க வேண்டும். இரவு நேரத்துக்குள் அவ்வளவு தண்ணீரும் புரதமும் எல்லோருக்கும் கொள்ளாது. நோயாளிக்கு வேறு நாட்களில் கழாச் செய்யும் சலுகையை அல்பகரா சூராவிலேயே அல்லாஹ் தந்திருக்கிறான். அவன் தந்ததை “பார்க்க நல்லாத்தானே இருக்கிறார்” என்று பள்ளி வாசலில் நின்று பறிக்க நாம் யார்?

விருந்தாளியின் மனம், வீட்டுக்காரர் மனம் என்று சுன்னாவைக் காட்டுகிறோம். நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களின் முன்னால் பொரித்த உடும்பு இறைச்சி வைக்கப்பட்டதை புகாரியிலும் முஸ்லிமிலும் காணலாம். அவர்கள் கையை எடுத்துக்கொண்டார்கள். ஹராமா என்று கேட்கப்பட்டபோது, இல்லை, தனக்குப் பழக்கமில்லை என்ற கருத்தில் பதில் சொன்னார்கள். பக்கத்தில் இருந்த காலித் பின் வலீத் ரழியல்லாஹு அன்ஹு அவர்கள் அதே இறைச்சியைத் தின்றார்கள். தின்னாதவரை யாரும் வற்புறுத்தவில்லை. தின்றவரை யாரும் தடுக்கவில்லை. வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு சாப்பாட்டுக்கு என்ற ஹதீஸை ஆண்டு 8 பிள்ளைகளுக்குப் பாடமாக்கிக் கொடுத்தவர்களும் அன்று அந்தச் சஹனில் இருந்தோம்.

இன்ஷா அல்லாஹ் வருகிற ஞாயிறு எங்கள் அதிபரின் மகளுக்கு வலீமா. அவரும் வருகிறார். வராமல் விடத்தான் இருந்தார், நாங்கள் போய்க் கூப்பிட்டோம். சஹனில் அவர் எங்களோடு உட்காருவார். அவருக்கு ஒரு சின்னப் பீங்கானில் எலும்பில்லாத மீனும் அவித்த முட்டையும் வரும்; சமையல்காரரிடம் சொல்லியாயிற்று. மற்றச் சஹன்களில் இருந்து யாரும் எழும்பி வந்து எட்டிப் பார்க்க வேண்டாம். வட்டிலப்பத்தோடு வருகிறவர்கள் எங்கள் ஐந்து பேருக்கு மட்டும் வைத்துவிட்டுப் போகவும்.