கேரள மசோதாக்கள்: எல்லையோரத் தமிழ் ஊராட்சிகள் கருத்துச் சொல்லும் காலம் எது?

பாலக்காடு: கேரள சட்டப்பேரவை 2025 அக்டோபரில் நிறைவேற்றிய மலையாள மொழி மசோதாவை எதிர்த்து, கர்நாடக முதல்வர் சித்தராமையா 2026 ஜனவரியில் கேரள முதல்வர் பினராயி விஜயனுக்குக் கடிதம் எழுதினார். காசர்கோடு மாவட்டக் கன்னடர்களின் நிலை அதன் பிறகே நாடெங்கும் பேசப்பட்டது. பாலக்காட்டின் சித்தூர் வட்டத்திலும் இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு வட்டங்களிலும் வாழும் தமிழர்களையும் அந்த மசோதா அதே அளவுக்குத் தொடுகிறது. இப்பகுதிகளின் உள்ளாட்சி அமைப்புகள் மாநில மசோதா ஒன்றின் மீது எப்போது, எந்த வழியில் தங்கள் நிலைப்பாட்டைத் தெரிவிக்க முடியும் என்ற கேள்வி இதனால் முன்னுக்கு வந்துள்ளது.

அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகர நிர்வாகத்தில், மாநில மசோதாக்களை ஆதரிப்பதா எதிர்ப்பதா என்று முடிவு செய்வதற்கென்றே ஒரு குழு உண்டு. கேரள ஊராட்சி ராஜ் சட்டம், 1994 கிராம ஊராட்சிகளுக்கு வகுத்துள்ள நிலைக்குழுக்கள் நிதி, வளர்ச்சி, நலன், சுகாதாரம்-கல்வி ஆகிய நான்கு மட்டுமே. மசோதாக்களைப் பரிசீலிப்பது இவற்றில் எதன் தனிப் பணியும் அல்ல. உறுப்பினர் ஒருவர் தீர்மானம் கொண்டு வந்தால்தான் மன்றத்தில் விவாதம் நடைபெறும். நிறைவேற்றப்படும் தீர்மானமும் அரசைக் கட்டுப்படுத்தாது.

ஆயினும் உரிய காலத்தில் எழும் எதிர்ப்புக்குப் பலன் உண்டு என்பதைக் கேரள வன (திருத்த) மசோதா, 2024 காட்டியது. 1961ஆம் ஆண்டின் வனச் சட்டத்தைத் திருத்தும் இந்த மசோதா, சந்தேகத்துக்குரியவர்களைப் பிடியாணையின்றிக் கைது செய்ய வனத்துறையினருக்குக் கூடுதல் அதிகாரம் அளிக்க முனைந்தது. மறையூர், வட்டவடை, அட்டப்பாடி போன்ற இடங்களில் வீட்டுக்கும் வனத்துக்கும் இடையே பல நேரங்களில் ஒரு வேலி மட்டுமே இருப்பதால், அச்சம் இயல்பாகவே எழக்கூடியது. வரைவு வெளியிடப்பட்டுப் பொதுமக்களின் கருத்துகள் கேட்கப்பட்டன. மலையோர விவசாயிகளின் எதிர்ப்பு வலுத்த நிலையில், 2025 ஜனவரி 15 அன்று முதல்வர் அதைக் கைவிடுவதாக அறிவித்தார். பேரவையில் வாக்கெடுப்புக்கு வருவதற்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது.

இதன் பொருள், வரைவு கைக்கு வந்த சில வாரங்களுக்குள் படித்துப் பேச வேண்டும் என்பதே. தமிழ் ஊராட்சிகளுக்குத் தடை தொடங்குவதும் இங்கேதான்.

கேரள ஆட்சிமொழிகள் (சட்டமியற்றல்) சட்டம், 1969இல் பின்னர் சேர்க்கப்பட்ட பிரிவின்படி, தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துடனும் துறைத் தலைவர்களுடனும், தாங்கள் கணிசமாக வாழும் பகுதிகளின் அரசு அலுவலகங்களுடனும் தங்கள் மொழியில் கடிதத் தொடர்பு கொள்ளலாம். பதிலும் அதே மொழியில் தரப்பட வேண்டும். கடிதத்துக்குத் தமிழ் உண்டு. மசோதாவோ மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் வருகிறது. சிறுபான்மையினர் 15 சதவீதமோ அதற்கு மேலோ உள்ள பகுதிகளில் முக்கியச் சட்டங்களையும் விதிகளையும் அவர்களது மொழியில் வெளியிட வேண்டும் என்பது, மொழிச் சிறுபான்மையினருக்காகத் தேசிய அளவில் ஏற்கப்பட்ட பாதுகாப்பு ஏற்பாடுகளில் ஒன்று. ஆனால் மசோதா சட்டமான பின் மொழிபெயர்ப்பு கிடைத்தால், கருத்துச் சொல்லும் காலம் கடந்திருக்கும்.

மொழிபெயர்ப்பு கிடைத்தால் மட்டும் போதாது என்பதற்குப் பேரவையிலேயே சான்று உண்டு. 2021 மே மாதம் தேவிகுளம் உறுப்பினர் ஏ. ராஜா தமிழில் பதவியேற்றார். அவருக்கு அளிக்கப்பட்ட தமிழ் வாசகத்தில், கடவுளின் பெயராலோ உளமாரவோ உறுதி கூறுவதற்கான சொற்கள் விடுபட்டிருந்தன. அவர் ஜூன் மாதத்தில் மீண்டும் பதவியேற்க நேர்ந்தது. சில வரிகளே கொண்ட உறுதிமொழியில் நேர்ந்த பிழை இது. மசோதாக்களோ பல பக்கங்கள் நீள்பவை.

மலையாள மொழி மசோதாவில் ஒவ்வொரு சொல்லுக்கும் எடை உண்டு. 2015 டிசம்பரில் நிறைவேறிய இதன் முன்னோடியை, ஈரோடு மாவட்டத்தைச் சேர்ந்தவரான அன்றைய ஆளுநர் பி. சதாசிவம் குடியரசுத் தலைவரின் பரிசீலனைக்கு அனுப்பினார். அதற்கு ஒப்புதல் கிடைக்கவில்லை. புதிய மசோதா, அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளில் பத்தாம் வகுப்பு வரை மலையாளத்தை முதல் மொழியாக்குகிறது. மொழிச் சிறுபான்மையினருக்கு விலக்கு உண்டு என்றும், அறிவிக்கை செய்யப்பட்ட பகுதிகளில் தமிழிலும் கன்னடத்திலும் கடிதத் தொடர்பு தொடரும் என்றும் அரசு விளக்கமளித்துள்ளது.

'அறிவிக்கை செய்யப்பட்ட பகுதிகள்' என்ற சொற்களில்தான் நடைமுறை அடங்கியுள்ளது. எந்த ஊராட்சி அந்தப் பட்டியலில் இடம்பெறும், எந்த அலுவலகம் தமிழ் மனுவை ஏற்கும், கொழிஞ்சாம்பாறையில் தமிழ்வழியில் படிக்கும் குழந்தைக்கு மலையாளம் எந்த நிலையில் வரும் என்பன ஆணைகளாலும் விதிகளாலும் முடிவாகக்கூடியவை. மசோதாவை மொத்தமாக ஆதரித்தோ எதிர்த்தோ இயற்றப்படும் தீர்மானத்தைவிட, இக்கேள்விகளை இடம் குறித்து, எண்ணிக்கையுடன் எழுப்பும் தீர்மானமே அதிகாரிகளிடமிருந்து பதிலைப் பெறும்.

விதிகளின் வலிமையை இடுக்கி நன்கறியும். விவசாயத்துக்கும் வீட்டுக்கும் வழங்கப்பட்ட பட்டா நிலங்களில் எழுந்த பிற கட்டடங்களை முறைப்படுத்த வழிசெய்யும் நில ஒதுக்கீட்டுத் திருத்த மசோதா, 2023 செப்டம்பர் 14 அன்று பேரவையில் ஒருமனதாக நிறைவேறியது. ஆளுநரின் கையெழுத்து தாமதமானதைக் கண்டித்து, ஆளும் இடது ஜனநாயக முன்னணியே 2024 ஜனவரி 9 அன்று மாவட்டத்தில் கடையடைப்பு நடத்தியது. ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. எந்தக் கட்டடத்துக்கு எவ்வளவு கட்டணம் என்பதைச் சொல்லும் விதிகளுக்கு அமைச்சரவை இசைவு தர 2025 ஆகஸ்ட் வந்துவிட்டது.

2025 டிசம்பர் 9 அன்று இடுக்கியிலும் 11 அன்று பாலக்காட்டிலும் நடைபெற்ற வாக்குப்பதிவில் தேர்வான புதிய உறுப்பினர்களுக்கு ஐந்தாண்டுப் பதவிக்காலம் உள்ளது. மசோதாக்களின் தமிழ் வடிவத்தை வரைவு நிலையிலேயே வழங்குமாறு அரசுக்கு எழுத அவர்களுக்குத் தடையேதும் இல்லை. அந்தக் கடிதத்தைத் தமிழிலேயே எழுதலாம்.