அலுவற் கணினியும் ஆராய்ச்சி ஆசையும்

லினக்ஸ் என்னும் இயங்குதளம் விலையின்றிக் கிடைப்பதும், அதன் உள்ளமைப்பைத் திறந்து பார்க்கவும் மாற்றவும் யாவரும் உரிமையுடையராயிருப்பதும் மகிழ்தற்குரியன. ஆயின், மாற்றும் உரிமை உண்டென்பதனால் எந்தக் கணினியிலும் மாற்றலாம் என்பது பொருளன்று. இதனை நாம் பட்டறிந்தே கூறுகின்றோம்.

தவணைப் புள்ளிகள் முழுவதும் அடங்கிய கணினி அது. மறுநாட் காலை பெற்றோர் கூட்டம். கணினியை இயக்கியபின் இயங்குதளத்தை அழைத்துவருவது 'கிறப்' என்னும் சிறு நிரல். அது ஐந்து விநாடி காத்துநிற்பது நமக்குப் பொறுக்கவில்லை. அதன் அமைவுக் கோப்பிலே ஐந்தை ஒன்றாக்கினோம். அத்துடன் அமையாது, திரை தெளிவுறுமென்று எங்கோ படித்த ஒரு சொல்லையும் சேர்த்தோம். மீண்டும் இயக்கியபோது கருந்திரையன்றி வேறொன்றும் தோன்றவில்லை.

அனைத்தையும் அழித்துப் புதிதாக நிறுவுக என்றார் நண்பரொருவர். அவ்வாறு செய்திருப்பின் புள்ளிகளும் அழிந்திருக்கும்! தொடக்கம் தடைப்பட்டதேயன்றி, வன்தட்டிலிருந்த கோப்புகளுக்கு ஊறு நேர்ந்ததில்லை. உயர்தர வகுப்பு மாணவனொருவன் வந்து, எஞ்சிய அந்த ஒரு விநாடிக்குள் அம்புக்குறி விசையை அழுத்திப் பட்டியலை நிறுத்தினான். 'ஈ' என்னும் ஆங்கில எழுத்தை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியில் நாம் சேர்த்த சொல்லை நீக்கினான். கணினி எழுந்தது. பிழை திருத்துவதையே தொழிலாகக் கொண்ட நம்மை மாணாக்கன் திருத்திய நாள் அது.

அவன் சொல்லிய நுட்பம் யாவரும் அறியத்தக்கது. பட்டியலில் நின்று செய்யும் திருத்தம் அவ்வொரு முறைக்கே செல்லும். அடுத்த முறை மறைந்துவிடும். ஆதலின் எதனையும் முதலில் ஆங்கே சோதித்து, நன்றெனக் கண்ட பின்னரே கோப்பில் எழுதுதல் வேண்டும். டெபியன் வழிவந்த அமைப்புகளில், எழுதியபின் 'அப்டேட்-கிறப்' என்னும் கட்டளையையும் இடுதல் வேண்டும். நாமோ தலைகீழாகச் செய்தோம்.

வல்லுநரும் இதில் இடறுவர். 2024 ஆகஸ்டில் மைக்ரோசொப்ட் வெளியிட்ட பாதுகாப்புப் புதுப்பிப்பொன்று, வின்டோஸும் லினக்ஸும் ஒருங்கமைந்த கணினிகள் பலவற்றில் லினக்ஸ் தொடங்காதவாறு தடுத்துவிட்டது.

எனினும், கணினியைத் தொடாதே என மாணவரைத் தடுத்தல் நமக்கு உடன்பாடன்று. அம்மாணவன் தன் வீட்டுப் பழங்கணினியைப் பன்முறை கெடுத்தன்றோ இவ்வித்தையைக் கற்றான்? கல்லூரியிலும் கெடுத்துப் பழகுவதற்கென்றே ஒரு கணினி வேண்டும். இம்மலரைப் படிக்கும் பழைய மாணவர், தம் அலுவலகங்களிற் கழித்து ஒதுக்கிய ஒன்றை அனுப்பின் அதுவே போதும். விசைப்பலகை தேய்ந்திருப்பினுங் குற்றமில்லை.